பூஜையில் வைத்த பிளக் ஸ்பேனர்

எங்கள் வீட்டில் மறை கழன்றவள் நான்தான். பட்டம் கொடுத்தவர் என் கணவர். தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு சிவப்பு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தேன். பக்கவாதம் வந்து நாலு மாதமாக ‘தண்ணி’, ‘போதும்’, ‘வேணாம்’ என்பதைத் தாண்டி வாய் திறக்காத மனிதர், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “மறை கழண்டவ” என்றார். ழகரம் சுத்தமாக வந்தது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். “எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன். பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

பெட்டி வாங்கியது ஆசைக்காக இல்லை, ஆத்திரத்தில். அவருக்கு வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. ஆட்டோவில் ஏற முடியாது. எங்கள் பதினோரு வருஷத்துக் காரின் முன் சீட்டு மட்டும்தான் அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது. முதலில் உட்கார்ந்து, பிறகு வலது காலை இடது கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். சேலையூரிலிருந்து கேம்ப் ரோடு பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். லைசென்ஸ் என்னிடம் இருபது வருஷமாக இருந்தது. ஸ்டியரிங்தான் அவரிடம் இருந்தது.

ஒரு நாள் கார் கிளம்பவில்லை. வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தவுடனே, “சார் இல்லீங்களாம்மா?” என்று கேட்டார். “என்கிட்ட சொல்லுங்க” என்றேன். “பேட்டரி போச்சும்மா, புதுசு போட்ணும்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷம் கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் பாதி மார்க்குதான் போடுவேன். அவரை அனுப்பிவிட்டு, போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, பேட்டரி முனையைத் தொட்டால் ஆடுகிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்று முறுக்கினால் தீர்ந்தது. அந்தப் பத்தாம் நம்பர்தான் வீட்டில் இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து தாம்பரம் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், எனக்குத்தான் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்தது. “சாருக்கா மேடம்?” என்று அவரும் கேட்டுத் தொலைத்தார். “சாருக்கு இல்ல, எனக்கு” என்றேன், வகுப்பில் சத்தம் போடுகிற குரலில். அவர் அசரவில்லை.

“இந்த செட்டை எடுத்துக்க மேடம். வெல கம்மிதான், ஆனா ஸ்பேனரு, சாக்கெட்டு எல்லாம் ஷோக்கா கீது. பிளக் ஸ்பேனரும் உள்ளயே கீது. இந்தத் திருப்புளி மட்டும் டுபாக்கூரு, அத்த மட்டும் தனியா நல்லதா வாங்கிக்க.”

இன்னும் ஒரு சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, “எல்லாம் இதுவே போதும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரே வாரத்தில் திருப்புளியின் முனை மழுங்கிவிட்டது. மறுபடி போய் நல்லதாக ஒன்று வாங்கினேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்த மரியாதைக்காகவே இன்று வரை அவர் கடையில்தான் வாங்குகிறேன்.

அதன் பிறகு ஏர் ஃபில்டரை நானே மாற்றினேன். வைப்பர், ஹாரன், ஒரு தடவை ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். எங்கள் அபார்ட்மென்டின் கார் நிறுத்துமிடத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுவேன். உட்கார்ந்து பார்ப்பார். நான் ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருப்பினால் மட்டும் உச்சுக் கொட்டுவார்.

ஆனால் வெளி இடம் என்று எங்கேயும் வர மாட்டேன் என்றுவிட்டார். ஒரு கல்யாணத்தில் யாரோ அவரிடம், “என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க” என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள். அன்றோடு சரி. பிசியோதெரபிப் பெண் ஒரு பாட்டிலைக் கொடுத்து, மூடியை வலது கையால் தினமும் திருகித் திறந்து மூடச் சொல்லியிருந்தாள். அதையும் தொட மாட்டார். “நா... என்ன... குழந்தையா?” என்பார். பாட்டில் ஜன்னலோரம் மூடியோடு அப்படியே நிற்கும்.

அப்போதுதான் கூடுவாஞ்சேரியிலிருந்து மகள் போன் செய்தாள். “அம்மா, விஜயதசமி அன்னிக்குப் பாப்பாவுக்கு எழுத்து ஆரம்பிக்கிறோம். ஒன்பது மணிக்குள்ள நல்ல நேரம். அப்பா மடியில உட்கார வச்சுத்தான் எழுதணும். அப்பாகிட்ட குடு.”

போனை அவர் காதில் வைத்தேன். வலது கையால்தான் பிள்ளையின் விரலைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். மடியில் கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வ... வரேன்” என்றார். நான் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் பேத்தி வீட்டுக்குப் போகிற வண்டி, அன்றைக்கு ஆயுத பூஜை. வண்டியைக் குளிப்பாட்டாமல் விடலாமா? வெளியே தேய்த்துக் கழுவியது போதாதென்று பானெட்டைத் திறந்து, ஹோஸ் பைப்பால் இன்ஜின் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. சந்தனம், குங்குமம், மாலை. டூல் பெட்டியைத் திறந்தபடி பூஜையறையில் சாமி முன் வைத்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பொட்டு வைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். பொரியும் சுண்டலும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வண்டியைக் கிளப்பினேன். கார் குளிர்ஜுரம் கண்டது போல் உதறியது. இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினேன், அதே உதறல். பிளக் இருக்கும் குழிகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. புரிந்த உடனே தலையில் அடித்துக்கொண்டேன்.

தெரிந்த மெக்கானிக் எல்லோருக்கும் போன் போட்டேன். ஒருவர்தான் எடுத்தார். “இன்னாம்மா இப்போ போயி கேக்குற? டூல்ஸ் எல்லாம் சாமி முன்னாடி கீது. நாளிக்கு மத்தியானத்துக்கு மேல வரேன்.” ஒன்பது மணிக்குள் நல்ல நேரம், இவர் மத்தியானம் வருகிறாராம். கால் டாக்சி புக் செய்தால் ஒவ்வொன்றாக ரத்தாகிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரிலேயே எல்லா வண்டியையும் பிடித்து வைத்திருந்தது. கிடைத்தாலும் அவர் ஏறமாட்டார். முன்பு ஒரு முறை காலைத் தூக்கி வைப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்ததை அவர் மறக்கவில்லை.

பூஜையறைக்குப் போய்ப் பெட்டியில் கை வைக்கப் போனேன்.

“தொ... தொடாத” என்றார் பின்னாலிருந்து. ஊன்றுகோலைப் பிடித்து வாசற்படியில் நின்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை பூஜை முடிக்காமல் எடுக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? “உங்க பேத்திக்காகத்தானே எடுக்கிறேன்!” என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். “விடு. சகுனம்... சரியில்ல. போக வேணாம்.” திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதுதான் எனக்குப் பயம். இந்த ஒரு தடவை போகாவிட்டால், இந்த மனிதர் இனி எப்போதும் எங்கேயும் போக மாட்டார். அதைச் செய்தது என் ஹோஸ் பைப். அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்தேன்.

விடிகிற நேரத்தில் குளித்து, பாலும் பழமும் வைத்து, கற்பூரம் காட்டி, வழக்கப்படி பெட்டியை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினேன். பூஜை முடிந்தது. அவரை எழுப்பி, “ஏங்க, விஜயதசமி. ஆயுதத்தை எடுத்து ஒரு வேலையாவது செய்யணும்னு நீங்கதானே வருஷா வருஷம் சொல்வீங்க? வாங்க” என்றேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் பத்தாம் நம்பரால் பேட்டரி முனையைக் கழற்றினேன். ஸ்பேனரிலிருந்த குங்குமம் விரலில் ஒட்டியது. பிளக்குகளின் மேல் இருக்கும் மூடிகளை உருவினால், மூன்று குழியிலும் தண்ணீர். திருப்புளியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிளக் ஸ்பேனரை இறக்கி மூன்றையும் கழற்றினேன். துடைத்து, தலைமுடி உலர்த்தும் மெஷினை மேலே எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் காட்டி, எல்லாவற்றையும் காய வைத்தேன். மணி ஏழரை.

முதல் பிளக் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது திருகு மறையில் உட்காரவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆழம், மணி ஓடுகிறது. பல்லைக் கடித்து ஒரு அழுத்து அழுத்தித் திருப்பப் போனேன்.

“ஏய்!”

நிறுத்துமிடம் முழுக்க எதிரொலித்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தார். “மறை... போயிடும்!” கோணலாக முறுக்கினால் இன்ஜினில் இருக்கிற மறையே அரைபட்டுவிடும், அதோடு கார் கதை முடிந்தது. எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்துதான் முறுக்கப் போனேன்.

கோபத்தில் ஸ்பேனரை விட்டுவிட்டு, “அப்போ நீங்களே பண்ணுங்க!” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். இடது கையால் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி ஸ்பேனரின் மேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் மடங்கின. முன்னுக்குத் திருப்பவில்லை, பின்னுக்குத் திருப்பினார். மெதுவாக, மிக மெதுவாக. எனக்கு அந்த வேகத்தில் செய்யவே வராது. அவருக்கோ அதைவிட வேகமாகச் செய்ய முடியாது. ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம், மறையோடு மறை சேர்ந்தது. நின்றார். பிறகு முன்னுக்குத் திருப்பினார். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது.

“பாத்தியா?” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. “அவ... அவசரப்படாத. அதுவா உட்காரும்.”

கடைசிச் சுற்றை நான் முறுக்கினேன். மூடிகளைப் போட்டு, பேட்டரி முனையை மாட்டி, சாவியைத் திருப்பியதும் கார் உதறாமல் ஓடியது. நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதேன். “மறை கழண்டவ” என்றார், காலைத் தூக்கி உள்ளே வைத்தபடி.

எட்டே முக்காலுக்குக் கூடுவாஞ்சேரி. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி மகள் தயாராக இருந்தாள். பேத்தியை அவர் மடியில் உட்கார வைத்தாள். அந்தக் குட்டி என்னைப் போல, ஒரு நிமிஷம் பொறுமை கிடையாது. விரலை அவர் கையிலிருந்து பிடுங்கி அரிசியைக் கலைக்கப் பார்த்தது. மருமகன், “மாமா, வேணும்னா நான் பிடிச்சுக்கட்டுமா?” என்றார்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். குங்குமமும் கிரீஸும் நகக்கண்ணில் அப்படியே இருந்த அந்த வலது கையால் பேத்தியின் விரலைச் சுற்றி மெல்ல மூடினார்.

“அவசரப்படாத கண்ணு” என்றார், ஒரு இடத்திலும் திக்காமல். “அதுவா உட்காரும்.”

அரிசியில் ‘அ’ கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, விடை கோணலாக இருந்தும் வழிமுறையை மட்டும் பார்த்து முழு மார்க் போட்டேன்.