தம்பியின் விலாசத்தில் ஒன்பது பேர்

எங்கள் தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் வரும்.

விழுப்புரத்தில் ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். ரயில்வேயில் இருந்த என்னை நம்பி இருபத்தெட்டாம் வயதில் ஐதராபாத் வந்து, நாச்சாரத்தில் மூன்று தொழிற்சாலைகளில் உழைத்தார். இரண்டு சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டார். விற்றவை 112 பிரதிகள். கணினி நிறுவனங்களுக்கு மாடிமேல் மாடி எழும்பத் தொடங்கியதும் கதையை விட்டு, அங்கே கல் சுமக்க வந்த நம் பக்கத்து மக்களுக்கு மனு எழுதினார்.

"கதையைப் படிக்க ஆளில்லேண்ணா. மனுவை ஒரு கிளார்க்காவது படிச்சுத்தானே ஆகணும்?" என்பார்.

பதினோரு ஆண்டுகளில் 1,364 மனுக்கள். நகல்களை இருமுறை எண்ணினேன்.

கட்டடம் முடிந்தால் அவர்களுடைய கொட்டகை இடம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே மே/பா என்று போட்டு, தம் பெயரையும் மௌலா அலி பகுதியிலுள்ள எங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதுவார். மூச்சுத்திணறலோடு படுத்திருந்த நாற்பது நாளும் அவர் கேட்டது ஒன்றுதான்: "தபால் வந்துச்சாண்ணா?"

அவர் போன மூன்றாம் நாள், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தபால்காரர் பதிவுத் தபால் கட்டோடு நின்றார்.

"தம்பி சார் வீட்டு விலாசத்துக்கு வந்தது ஐயா. வாங்கிக்கிறீங்களா?"

"நக்கோப்பா, வேணாம். ஆள் போயாச்சு. எல்லாத்தையும் திருப்பிடு" என்றேன்.

வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டது அந்தக் கட்டு ஒன்றுதான். தபால்காரர் என் பேச்சை நம்பி ஒவ்வொரு உறையிலும் 'இறந்துவிட்டார்' என்று எழுதித் திருப்பிவிட்டார். ஒன்பது உறைகள், ஒன்பதும் உயிரோடிருப்பவர்களுக்கு வந்தவை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சித்தாள் அம்மாள் வந்தார். "ரேஷன் ஆபீஸ்ல நான் செத்துட்டேன்னு ஃபைலை மூடிட்டாங்கய்யா."

உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன்.

"செத்தவளுக்கு டீயெல்லாம் உண்டா?" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

இதுவரை ஆறு பேரைக் கண்டுபிடித்தேன். பதினேழு முறை அலுவலகங்களுக்கு நடந்ததில் இருவருடைய மனுக்களுக்கு உயிர் வந்திருக்கிறது. மூவரைக் காணவில்லை. அவர்கள் கட்டிய கட்டடம் நிற்கிறது, கொட்டகை இல்லை. அவர்களில் ஒருவர் மகளின் அறுவைச் சிகிச்சைக்கு உதவி கேட்டிருந்தவர். அந்தப் பிள்ளையின் வயது நகலில் இருக்கிறது: ஆறு.

தம்பியைத் தோளில் சுமந்த நால்வருக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், பதிவேட்டைப் பார்த்து ஒன்பது பெயர்களையும் எடுத்துக் கொடுத்த தபால்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

மகன் தன்னோடு வந்துவிடும்படி அழைக்கிறான். எனக்கு எழுபத்தாறு. இந்த விலாசத்தை விட்டு எப்படிப் போவேன்?

பின்னட்டையில் தம்பியின் படத்துக்குப் பதிலாக அந்த மூவர் பெயர்களை அச்சிட்டிருக்கிறேன். கட்டட வேலை நடக்கும் இடங்களில் தயவுசெய்து விசாரியுங்கள். நினைவு மலரில் இருப்பதால் அவர்களும் போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.