மூன்று லட்சம் பேர் ஊரில் ஒரு பள்ளத் தெரு

மழைநீரை ஆற்றுக்குத் தள்ளும் பம்பு நிலையத்தில் அவள் பதினேழு வருடமாக ஆபரேட்டர். அங்கே யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘மேயரம்மா’தான். காரணம், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. வெறும் நிலத்தில் ரோடு போட்டு, வீட்டுக்கும் கடைக்கும் இடம் ஒதுக்கி, தண்ணீரும் கரண்டும் கொடுத்து ஊர் வளர்க்கிற விளையாட்டு. பகல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அதில்தான் உட்காருவாள்.

ஊர் சின்னதாக இருந்தவரை ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால்கூட அவளுக்கு நெஞ்சு பதறும். மூன்று லட்சம் பேர் ஆனதும் எல்லாம் தானாகவே நடந்தது. புதிதாகக் கட்ட ஒன்றும் பாக்கியில்லை. அங்கங்கே வண்டி நெரிசல், அவ்வளவுதான்.

“சலிச்சுப் போச்சுங்க. அழிச்சுடலாம்னு பாக்குறேன்” என்றாள் கணவனிடம்.

அவன் பஸ் டிரைவர். திரையை எட்டிப் பார்த்தான். “உன் ஊர்ல ஆறு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸா? எனக்கு அங்கயே ஒரு வேலை போட்டுக் குடேன். ஆமா, எந்நேரமும் ஆகாசத்துலயே நின்னுட்டிருந்தா சலிக்காம என்ன செய்யும்? கீழ எறங்கிப் பாரு.”

அவள் திரையில் தெரு மட்டத்துக்கு இறங்கினாள். ஏதோ ஒரு மாடி வீட்டுக்காரனைப் பிடித்து அவன் பின்னாலேயே போனாள். அவன் வேலைக்குப் போக மூன்று பஸ் மாறுவதைப் பார்த்து, அவனுக்காக ஒரு நேர் பஸ் விட்டாள். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனதே தெரியவில்லை. பெரிய ஊரில் மனம் ஒட்ட வேண்டுமானால் ஒரே ஒரு தெருவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று புரிந்தது.

அப்புறம்தான் அந்த ஆசை வந்தது. வரைபடத்தின் காலி மூலையில், தான் வேலை பார்க்கும் பகுதியையே அச்சு அசலாகக் கட்டுவது என்று தொடங்கினாள். விடுமுறை நாட்களில் நோட்டும் பேனாவுமாக நடந்தாள். பம்பு நிலையம், அதற்கு வரும் கால்வாய், புதிதாக எழும்பிய கிடங்குகள், அதற்குப் பின்னால் பள்ளத் தெரு. அவள் தங்கை குடியிருப்பது அந்தத் தெருவில்தான். தெருமுனையில் நாலு படி கீழிறங்கினால் ஒரு தையல் கடை. அவளுடைய யூனிஃபார்மைத் தைத்துக் கொடுப்பவர் அந்தத் தையல்கார அண்ணன்தான்.

“எத்தனை படின்னு எண்ணிட்டா போறீங்க? என் கடையையும் போடுறீங்களா? அப்ப போர்டை மட்டும் பெருசா வைங்க” என்று சிரித்தார் அவர்.

கட்டி முடித்ததும் பெருமழையை இறக்கிப் பார்த்தாள். மூன்று பம்புகளும் தயாராக நின்றன, ஆனால் தண்ணீர் அவற்றிடம் வரவே இல்லை. பள்ளத் தெருவில் ஏறி நின்றது. விளையாட்டுத்தானே, எங்கோ தப்பாகக் கட்டியிருக்கிறோம் என்று நோட்டைப் புரட்டினாள். கிடங்குச் சாலைக்குக் கீழே போகும் கால்வாயை அவள் குறிக்கவே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து நேரில் போய்த் தேடினாள். கால்வாய் கிடங்கின் சுற்றுச்சுவர் வரை வந்தது. அங்கே அது கான்கிரீட்டில் முட்டி நின்றது. கறுத்த தண்ணீரில் பாலிதீன் பைகள் அசையாமல் கிடந்தன. அவள் குறிக்க மறக்கவில்லை. குறிக்க அங்கே ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. போன மழைக்காலத்தில் பம்புக்கு வேலையே இல்லை. “இந்த வருஷம் நமக்கு ராஜயோகம்” என்று ஷிஃப்டில் எல்லாரும் சொன்னார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். மழை குறையவில்லை. தண்ணீர்தான் இங்கே வந்து சேரவில்லை. அப்படியானால் அது எங்கே தேங்கிக்கொண்டிருந்தது?

போட்டோக்களுடன் மேலதிகாரியான பொறியாளரிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை.

“விளையாட்டைப் பாத்தா கண்டுபிடிச்சீங்க?”

“விளையாட்டு கெடக்கட்டும் சார். நேர்ல போய்ப் பாத்தேன். அடைச்சிருக்காங்க.”

“எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. பாப்போம்.”

மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். தங்கை வீட்டுக்குப் போய், முக்கியமான சாமானையெல்லாம் மாடிக்கு ஏற்றச் சொன்னாள். தங்கைக்கு எரிச்சல். “யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னேன்னு, நீ எங்க வந்தாலும் பயம் முன்னாடி வந்துடுதுக்கா.” ஆனாலும் ஏற்றினாள். தையல்கார அண்ணன் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். “மானம் கறுக்கட்டும், தூக்கி வச்சிடுறேன்” என்றார்.

வானம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கறுத்தது. பத்து மணிக்கெல்லாம் நிலையத்தின் தகரக் கூரையில் மழை இரைந்த இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. அவள் அளவுகோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொட்டியில் தண்ணீர் முழங்கால் உயரம்கூட ஏறவில்லை. மூன்று மோட்டார்களும் சும்மா கிடந்தன. பதினேழு வருடத்தில் அந்த மோட்டார்களின் சத்தம் அவளைத் தூங்கவிடாமல் செய்ததுண்டு. அவற்றின் மௌனம் அவளை நடுங்க வைத்தது அன்றுதான்.

இடத்தை விட்டு நகர முடியாது. பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தங்கையைக் கூப்பிட்டாள்.

“மாடிக்கு வந்துட்டோம்க்கா. கீழ முழங்காலளவு நிக்குது. எங்கேருந்து வருதுன்னே தெரியல.”

“தையல்கார அண்ணன்?”

“வெளிய வந்துட்டாரு. ரெண்டு மிஷினையும் தூக்கி எதிர் வீட்டுல வச்சாரு. அப்புறம் ஊரார் துணியெல்லாம் உள்ள இருக்குன்னு மறுபடி எறங்கினாருக்கா. இன்னும் வரல.”

அந்தச் சமயத்தில்தான் கிடங்கின் சுற்றுச்சுவர் தேங்கிய தண்ணீரின் பாரம் தாங்காமல் சாய்ந்தது. தண்ணீர் பள்ளத் தெருவுக்குள் ஒரே மூச்சில் பாய்ந்தது. நாலு படிக்குக் கீழிருந்த கடை கணத்தில் மூழ்கியது. மறுநாள் அவரை வெளியே எடுத்தபோது, தைத்து முடித்த துணி மூட்டை அவர் தோளில் அப்படியே இருந்ததாம்.

விசாரணை நடந்தது. கான்கிரீட்டை உடைத்தார்கள். அவள் எழுதிக் கொடுத்த மூன்று தாள்களும் ஒரு கோப்பில் பத்திரமாக இருந்தன.

ஏழு மாதம் அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. “சொல்ல வேண்டியதை நீ சொல்லிட்டே” என்று கணவன் எத்தனையோ தடவை சொன்னான். “அவர்கிட்ட இன்னொரு தடவை போய் நின்னு சொல்லியிருக்கணும்” என்பாள்.

ஒரு நாள் தையல்காரரின் மனைவி வீட்டுக்கே வந்தார்.

“எங்க கடையை அதுல போட்டிருக்கிறதா அவரு சொல்லுவாரு. காட்டுறியாம்மா?”

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். அந்த அம்மாள் முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். கடை, படிகள், எதிர் வீடு. போர்டு பெரிதாகவே இருந்தது. அழவில்லை. “இப்படி மத்த தெருவெல்லாம் போட்டுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. அடுத்த விடுமுறையில் அந்த அம்மாளும் கூட வந்தார். இரண்டு பேருமாக ஏரிக்கரை வரை நடந்தார்கள். கரையின் உள்பக்கம், தண்ணீரை ஒட்டி, வரிசையாக வீட்டு மனை பிரிக்கும் எல்லைக் கற்கள் நட்டிருந்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. ஏரிக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடமும் நாற்பது ஐம்பது வீடுகளும் இருந்தன.

“எழுதிக்கோ” என்றார் அந்த அம்மாள். அவள் நோட்டைத் திறந்து, முதல் கல்லிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.