கேபிளின் மறுமுனையில் நின்றவன்

வல்லத்துக்கு மேற்கே, ஆற்றுப் பாசனம் எட்டாத செம்மண் மேட்டில் டேட்டா சென்டர் ஒன்று எழும்ப ஆரம்பித்தபோது அம்மாபேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘கம்ப்யூட்டர் குடோன்’ என்று பேர் வைத்துவிட்டுக் குறுவை வேலையைப் பார்க்கப் போனார்கள். தாளடி நடவு முடிவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வயர்மேன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் என்று கையில் தொழில் வைத்திருந்த எல்லாரையும் காலையில் ஒரு வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. வயலில் மோட்டார் நின்றுபோனால் வந்து பார்க்க ஆளில்லை.

அந்த வேனில் ஒரு நாள் கயல்விழியும் ஏறினாள்.

கயல்விழிக்கு முப்பத்தாறு வயது. பத்து வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் நெடுமாறன் கேபிள் வேலைக்கு வெளிநாடு போனான். முதல் வருடம் போன் வந்தது, பணம் வந்தது. பிறகு இரண்டும் நின்றன. கூடப் போனவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் போகும்போது மகள் எழில்மொழிக்கு மூன்று வயது. நெடுமாறனின் அம்மா காத்தாயி, “எம் புள்ள உசுரோட இருக்கான், தாலியில கை வெக்காதே” என்று சொல்லிச் சொல்லியே நான்கு வருடத்துக்கு முன்பு கண்ணை மூடினாள். பங்காளிகள் முணுமுணுக்க முணுமுணுக்க, சுடுகாடு வரை நடந்துபோய்க் கயல்விழியே கொள்ளி வைத்தாள்.

பிழைப்புக்கு அவள் போய்ச் சேர்ந்த இடம் ரெத்தினத்தின் கடை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. செம்புக் கம்பியைச் சுற்றி, காகிதம் செருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கும் வேலை. வருடங்கள் போகப்போக, தஞ்சாவூரிலிருந்துகூட அவள் கை பட்ட மோட்டாரைக் கேட்டு வந்தார்கள்.

டேட்டா சென்டரில் பெரிய மின்கேபிள்களை இணைக்க ஆள் கிடைக்காமல் காண்டிராக்டர் திண்டாடினார். செம்பு பழகிய கை எதுவானாலும் சரி, பெண்களும் வரலாம், நாங்களே பழக்குகிறோம் என்று ஊர் ஊராக ஆள் அனுப்பினார்.

“போம்மா,” என்றார் ரெத்தினம். “நீ போனா என் கடை பாதி சாத்தின மாதிரிதான். அதுக்காக ஒன்னப் புடிச்சி வெச்சுக்க முடியுமா?”

போனாள். கையகலத் தடிமன் கேபிளின் முனையைச் செம்பு இழை தெரியும்வரை உரித்து, லக் என்ற செம்பு முனையை மாட்டி அழுத்தி, மேலே உறை போட்டுச் சூடு காட்டி இறுக்கும் வேலை அது. உள்ளே ஒரு துளி வியர்வை விழுந்தாலும் மின்சாரம் ஏறும்போது வெடித்துவிடும். அதிராம்பட்டினத்துப் பெண் சுமையா அவளுக்கு ஜோடி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்தவள். கூட்டத்தில் இருந்த பெண்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரையும் யார்டில் வரிசையாக நிறுத்தினார்கள். கேபிள் வேலைக்கு ஐதராபாத் சைட்டிலிருந்து புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார் என்று மேனேஜர் அறிவித்தார். பின்வரிசையில் நின்ற கயல்விழிக்கு முகம் தெரியவில்லை. குரல்தான் கேட்டது.

“மொதல்ல எல்லாரும் கையுறையக் காட்டுங்க.”

 அந்தக் குரலை அவள் கனவில் கேட்டிருக்கிறாள். சில சமயம் பஸ் ஸ்டாண்டில் யாரோ பேசும்போது கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள். ஆனால் அந்தக் குரல் ஒவ்வொருவராகக் கையுறையைச் சோதித்துக்கொண்டு பக்கத்தில் வந்தது.

நெடுமாறன் அவள் முன்னால் நின்றான். காதோரம் நரை. கொஞ்சம் தொப்பை. அவன் முதலில் பார்த்தது கையுறையை. பிறகு ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த பெயரை. ‘என். கயல்விழி’ என்று இருந்தது. அந்த ‘என்’ அவனுடைய பெயரின் முதலெழுத்து. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

கையிலிருந்த வாக்கி-டாக்கி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கயல்விழி பின்னால் சாய்ந்தாள். சுமையா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “வெயில்ல மயக்கம் சார்,” என்றாள். காலை எட்டு மணிக்கு என்ன வெயில் என்று யாரும் கேட்கவில்லை.

டீ நேரத்தில் கேபிள் உருளைகளுக்குப் பின்னால் அவன் வந்து நின்றான்.

“கயலு…”

 அவன் உயிரோடு இருக்கிறான் என்பதே அவளுக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை. தொட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“அம்மா எப்புடி இருக்கு?” என்றான்.

அந்தக் கேள்விதான் அவளை உலுக்கி எழுப்பியது.

“செத்துப்போச்சு. நாலு வருசமாச்சு. கொள்ளி நான்தான் வெச்சேன்.”

நெடுமாறன் உருளையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அங்கே கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில் மாட்டிக்கொண்டது. ஒளிந்து ஒளிந்து வேலை பார்த்து, அந்த நாட்டு அரசு கொடுத்த பொதுமன்னிப்பில் வெறுங்கையோடு இந்தியா வந்திருக்கிறான். அந்த முகத்தோடு ஊருக்குப் போக வெட்கப்பட்டு, கூட இருந்தவனோடு ஐதராபாத் போய்விட்டான். “அடுத்த மாசம் போவலாம், அடுத்த மாசம் போவலாம்னே இருந்தேன் கயலு.”

“அங்க யாராச்சும் இருக்காங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “இருக்கு. நாகமணின்னு. ஒரு பையன்.”

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அடிபட்ட இடம் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது. “இங்க எதுக்கு வந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“கம்பெனி அனுப்புச்சு. வேற ஆளில்லன்னுட்டாங்க. நம்ம ஊரு தள்ளித்தான இருக்கு, யாரு பாக்கப்போறான்னு நெனச்சேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நீ இந்த வேலையில இருப்பேன்னு கனவுலகூட நெனைக்கலியே.”

அன்று மாலையே கயல்விழி மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அடுத்தவள் கதையைச் சொல்வதுபோல இருந்தது. ஒன்று அவரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் என்னை விடுங்கள் என்றாள். மேனேஜர் நல்ல மனிதர்தான். கடைசிவரை கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதம்மா. இந்த வேலைக்கு ஆள் கேட்டு நாடு முழுக்க அலையறோம். கரண்ட் ஏறுற வரைக்கும் ரெண்டு பேர்ல ஒருத்தரக்கூட விட முடியாது. நீ இங்க இருக்க வேண்டியவ. அவன ஒன் பக்கத்துல வராம நான் பாத்துக்கறேன்.”

வராமல் எப்படி இருக்க முடியும்? கேபிளின் ஒரு முனை அவள் கையில் என்றால், அதைச் சோதிக்கிறவன் மறுமுனையில் நிற்க வேண்டும். “போட்டாச்சு சார்,” என்று அவள் வாக்கி-டாக்கியில் சொல்வாள். “ஓக்கே,” என்று நெடுமாறன் சொல்வான். கட்டடம் முடியும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர்களுக்குள் சைட்டில் இல்லை. கட்டிய புருஷனை ‘சார்’ என்று கூப்பிட்ட முதல் நாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுமையாதான் தன் டப்பாவிலிருந்து மீன் வறுவலை எடுத்து அவள் வாயருகில் நீட்டினாள்.

ஆனால் அதற்கு முன்பே இரண்டு விஷயங்களை அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். “ஒங்க பொண்ணு மொகத்தப் பாத்து நீங்களே சொல்லணும். அந்தப் பொண்ணு நாகமணிகிட்டயும் நான் இருக்கேன்னு சொல்லணும். இத்தினி வருசம் ஒண்ணுந் தெரியாம இருந்தது என்னோட போவட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். தெருவே வாசலில் கூடியது. பேய் வந்ததைப் பார்ப்பதுபோல ஒருத்தரும் சத்தம் போடவில்லை. எழில்மொழி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லித்தான் நான் ஸ்கூல் சேர்ந்தேன்,” என்றாள்.  அவன் போன பிறகு கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். கயல்விழி அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. வந்தவனை ஏற்றுக்கொள் என்று ஒரு பக்கம். போலீசுக்குப் போ என்று இன்னொரு பக்கம். ரெத்தினம் கடைக்குக் கூப்பிட்டு, “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டார்.

“மாமியார் சொன்னது சரியாப் போச்சுண்ணே. அவரு உசுரோடதான் இருந்திருக்காரு. எனக்குத்தான் இல்ல.”

மாசியில் கட்டடத்துக்கு மின்சாரம் ஏற்றினார்கள். எந்த இணைப்பும் வெடிக்கவில்லை. மறுநாள் நெடுமாறன் ஐதராபாத் கிளம்பினான். எழில்மொழியின் படிப்புக்கு மாதாமாதம் அனுப்புவதாகச் சொன்னான், அனுப்பவும் செய்கிறான். அந்த வாரமே கயல்விழி தாலியைக் கழற்றினாள். யாரையும் கூட்டிவைத்துச் செய்யவில்லை. குளித்துவிட்டு வந்து கழற்றிப் பெட்டியில் வைத்தாள், வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

சித்திரையில் ஒரு மதியம் புது நம்பரிலிருந்து போன் வந்தது. உடைந்த தமிழில் ஒரு பெண்.

“நான் நாகமணி. ஐதராபாத். அக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

 அவன் சொல்லியிருக்கிறான். சொல்லமாட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“அவர வெளிய போகச் சொல்லிட்டேன்,” என்றாள் நாகமணி. கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு, “அக்கா, நீங்க கேபிள் வேலை பாக்கறீங்கன்னு சொன்னாரு. பொம்பளைக்கு அந்த வேலை குடுப்பாங்களா? எனக்கு வேலை வேணும்.”

அதைக் கேட்டதும் கயல்விழி போனை அப்படியே காதில் வைத்துக்கொண்டு நின்றாள். யார் யாரிடம் கேட்கிறாள்! அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

“ஒனக்கென்ன பைத்தியமா? அவளுக்கு நீ வேலை தேடுவியா?” என்றாள் சுமையா.  கயல்விழிக்கு இரண்டு மூன்று நாள் தூக்கம் சரியில்லை. பிறகு மேனேஜரிடம் கேட்டு, ஐதராபாத் சைட்டில் ஆள் எடுப்பவரின் நம்பரை வாங்கினாள்.

“இந்த நம்பருக்குப் பேசு,” என்று நாகமணிக்குச் சொன்னாள். “அவரு இருக்கற சைட் இல்ல, வேற சைட். மொதல்ல ஹெல்பராத்தான் எடுப்பாங்க. கூச்சப்படாம எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்க. எம் பேரச் சொல்லு.”

எடுத்துக்கொண்டார்கள். இப்போது நாகமணி அவ்வப்போது போன் செய்கிறாள். உறை போடும்போது சுருக்கம் விழுகிறது, என்ன செய்வது என்று கேட்பாள். சூட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோ என்று கயல்விழி சொல்லிக்கொடுப்பாள். அவன் பேரை இரண்டு பேருமே எடுப்பதில்லை.