பிரேக் சாரின் வலது கால்

சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் பிரேக் சாரின் இடது கை மெல்ல மேலேறி, மார்பின் குறுக்கே ஓடும் சீட் பெல்ட்டைப் பற்றும். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால். ஒவ்வொரு விரலாக இடம் பார்த்து அழுத்துவார். உதடு ஏதோ முணுமுணுக்கும். பிறகு அத்தனையையும் கலைத்து வேறு மாதிரி அடுக்குவார். பச்சை விழுந்தால், கையை எடுக்காமலே, "எடுங்க எடுங்க, பின்னாடி இருக்கிறவன் திட்டறான்" என்பார். பின்னாடி இருப்பவன் ஹாரனைத் தொட்டிருக்கக்கூட மாட்டான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கிட்டார் கற்றுக்கொள்வது அறுபதை நெருங்கும் வயதில் பிடித்த பைத்தியம். 'பிரேக் சார்' என்ற பெயர் மாணவர்கள் வைத்தது. பயிற்சி வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நாம் தப்புச் செய்யலாமா என்று யோசிக்கும்போதே அவர் வலது கால் அதை மிதித்துவிடும். ஊரில் பல வருடம் ஓட்டிவிட்டு, அந்த உரிமம் இங்கே செல்லாது என்றானதும் மறுபடி 'ஆனா ஆவன்னா'விலிருந்து தொடங்கியவன் நான். ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடிப்பேன். "தம்பி, அதோட கழுத்தை விடுங்க. கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார்.

கிட்டார் பின் இருக்கையில் பயணம் செய்யும். துணி உறை போட்டு, சீட் பெல்ட்டும் மாட்டியிருப்பார். நான் திருப்பத்தில் கொஞ்சம் வேகமாகப் போனால் அவர் கால் பிரேக்கில் விழும். உறைக்குள்ளிருந்து ஒரு தந்தி முனகும். "பாருங்க, அதுக்கே அடிவயிறு கலங்குது."

வாங்கிய புதிதில் விரல் நுனிகள் சிவந்து வீங்கி, இரண்டு நாள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் மனைவியிடம் போய் நின்றாராம். இப்போது காய்த்துவிட்டன. புது மாணவர் யார் வந்தாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன் இடது கையை நீட்டுவார். "தொட்டுப் பாருங்க. கல்லு!" பள்ளியில் பரிசு வாங்கிய குழந்தை பதக்கத்தைக் காட்டுவது போல இருக்கும் அந்த முகம்.

எல்லாம் மனைவி சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. அந்த அம்மாள் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தவர். "வணக்கம், யார் வேணும்?" என்ற குரலை அங்கே தெரியாதவர் இல்லை. பணி ஓய்வு நெருங்கியபோது, பிரிவு விருந்தில் ஒரு பாட்டுப் பாடியே தீர வேண்டும் என்று சக ஊழியர்கள் பிடித்துக்கொண்டார்கள். சமையலறையில் மட்டுமே பாடிப் பழகியவர் அவர். தப்பிக்க வழி தேடி, "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து எதையாவது வாசிச்சா பாடறேன்" என்று சொல்லிவிட்டார். பாத்திரத்தில் தாளம் தட்டக்கூடக் கணவருக்குத் தெரியாது என்பது அம்மாளின் தைரியம்.

"வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா, தம்பி. மறுநாள் கிட்டாரோட போய் நின்னேன். சிரிப்பு நின்னு போச்சு." விருந்து அழைப்பிதழில் 'இசை: அவருடைய கணவர்' என்றும் அச்சாகிவிட்டது. "இனி நான் சொதப்பினா அவ வாயைத் திறக்க மாட்டா. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த குரல். ஒரு தடவை நாலு பேர் முன்னாடி பாடிட்டுப் போக வேணாமா?"

குரு அவருடைய மாணவியேதான். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கும் பெண். சின்ன வயதிலிருந்து கிட்டார் வாசிப்பவள். வண்டி நிறுத்துமிடத்தில் பாதி நேரம் அவர் அவளுக்கு, மீதி நேரம் அவள் அவருக்கு. அடுத்த பாடம் எனக்கு என்பதால் நான் பின் இருக்கையில் கிட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் பார்ப்பேன். அவள் ஓட்டுநர் தேர்வில் தோற்ற கதை பிரசித்தம். நடைபாதை விளிம்பில் சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் புன்னகையோடு போய்க்கொண்டே இருந்தாளாம். மேடையில் வாசித்த பழக்கம்.

"தப்புப் பண்ணினா நிறுத்தும்மா!" இது முதல் பாதியில்.

"தப்புப் பண்ணினா நிறுத்தாதீங்க சார்!" இது இரண்டாம் பாதியில்.

ஏனென்றால் கிட்டாரிலும் அவர் பிரேக் போட்டார். மனைவியின் பாட்டு ஒரு பழைய படகுப் பாட்டு. அம்மாளின் அப்பா பாடியது. மூன்று கார்டு தெரிந்தால் போதும்; ஒவ்வொன்றுக்கும் விரல்களை ஒருவிதமாக அடுக்கித் தந்திகளைச் சேர்த்து மீட்ட வேண்டும். மூன்றும் அவருக்கு வந்துவிட்டன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் விரல் பிசகும். பிசகிய கணமே வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். கை நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து.

"போய்க்கிட்டே இருங்க சார். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"அதெப்படிம்மா? நிறுத்தலன்னா ஆள் செத்துடுவான்."

"பாட்டுல யாரும் சாக மாட்டாங்க சார்."

"நீ ஓட்டற ஓட்டுக்கு, உன் வாயால இதைக் கேக்கறதுதான் பயமா இருக்கு."

ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தாராம். "அண்ணே, கிட்டார் சத்தம் பரவாயில்ல. பழகிடுச்சு. நடுநடுவுல யாரையோ போட்டு மிதிக்கிறீங்களே, அது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

வைத்தியங்கள் நடந்தன. காலை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தார். மரத்துப்போய், எழுந்திருக்கும்போது அலமாரியைக் கட்டிக்கொண்டார். கீழே தலையணை போட்டார்; சத்தம் போயிற்று, நிற்பது போகவில்லை. "ஏங்க, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? எனக்கு இருமல்னு சொல்லிடறேன்" என்றார் அம்மாள். அன்று முழுக்க எந்தச் சிக்னலிலும் சாரின் விரல்கள் சீட் பெல்ட்டில் ஏறவில்லை. மறுநாள் காலை முதல் சிக்னலிலேயே விரல்கள் ஏறிவிட்டன.

விருந்து மருத்துவமனை உணவுக்கூடத்தில் நடந்தது. மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கிட்டார்ப் பெண்ணும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பிரேக் சார் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் கிட்டாரோடு இருந்தார். பக்கத்தில் மைக்கைப் பிடித்தபடி அம்மாள். "வணக்கம், யார் வேணும்?" என்று அவர் ஆரம்பித்ததும் கூடமே அதிர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அம்மாளின் பயம் பாதி கரைந்திருக்க வேண்டும். பாட்டு எழுந்தது.

முதல் சரணம் தப்பித்தது. நல்ல குரல். வயதாகியிருந்தது, ஆனால் நீர்மேல் போவது போல அலுங்காமல் போயிற்று. இரண்டாம் சரணத்தில் விரல் பிசகி, தகரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம். தட்! வலது கால் விழுந்துவிட்டது. கையும் நின்றது. கிட்டார்ப் பெண் என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். என் காலும் முன் நாற்காலிக்கு அடியில் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை விடவுமில்லை. அடுத்த தாளம் விழ வேண்டிய இடத்தில், தன் காலை எடுத்துத் தரையில் வைத்தார். தட். அதற்கடுத்த இடத்திலும் தட். ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டது போல இருந்தது. முன்வரிசை கைதட்டித் தாளம் பிடித்துக்கொண்டது. பிரேக் சார் ஒரு கணம் மனைவியின் காலையே பார்த்தார். பிறகு தன் காலையும் அதோடு சேர்த்துவிட்டார். கை மறுபடி ஓடியது. இன்னும் இரண்டு இடத்தில் பிசகியது. யாரும் சாகவில்லை. "போறார், போறார்" என்று கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்தவள், அவர் எங்களுக்கு 'எடுங்க எடுங்க' என்று சொல்லும் அதே தொனியில்.

கடைசி அடியை எல்லோருமாகப் பாடத் தொடங்கினார்கள். அப்போதுதான் கவனித்தேன். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த பிரேக் சார், சரிவில் சைக்கிளை விட்டுவிட்ட சிறுவனைப் போல, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிவைத்திருந்தார்.