காற்றுக்குப் போட்ட தண்ணீர்க் குழாய்

வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டியவர்கள் மொட்டை மாடியில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, மிச்சமான பி.வி.சி. குழாய் கட்டாயம் கிடக்கும். இறுகிப்போன சிமெண்ட் மூட்டையைக்கூடத் தூக்கி எறிந்துவிடுவோம். குழாயை எறிய மனசு வராது. என்றைக்காவது உதவும். என் வீட்டில் அந்த என்றைக்காவது போன மாதம் வந்து சேர்ந்தது.

கார் வாங்குவோம் என்ற நம்பிக்கையில் கட்டிய ஷெட்டில்தான் என் பட்டறை. புத்தக அலமாரிகள் செய்கிறேன். அவை கொஞ்சம் சாயும். படித்த புத்தகங்களின் கனம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிடுவேன். பெயிண்ட் அடிக்க ஒரு கம்ப்ரஸரும் வாங்கினேன். அதே ஷெட்டின் மறு மூலையில், ஜன்னல் வெளிச்சத்தில், என் மனைவி தையல் மெஷின் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கிறாள். தரையில் குறுக்கே கிடந்த காற்றுக் குழாய் இரண்டு முறை அவள் காலை வாரிவிட்டது.

"இன்னொரு வாட்டி நான் விழுந்தா, உங்க கம்ப்ரஸர் தெருவுல விழும்" என்றாள்.

சுவரோடு ஒரு லைன் இழுப்பது என்று முடிவு செய்து மாடி ஏறினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அறுத்து, பசை தடவி, ஆணி அடித்து முடித்தேன். அவள் தலைக்கு ஓரடி மேலே வெள்ளைக் குழாய் நேராக ஓடியது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. வாழ்க்கையில் நான் ஒட்டியது எதுவும் அப்படி ஒட்டியதில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மூன்று வாரம் கழித்து, இன்னொரு கிளை எடுக்கலாம் என்று தோன்றியது. தோன்றிவிட்டால் என்னால் உட்கார முடியாது. அன்றைக்குப் பௌர்ணமி. இந்த ஊரில் இருப்பவன் பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் டவுனுக்குப் போகக்கூடாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் போனேன். திரும்பும்போது காற்று தயாராக இருக்கட்டும் என்று கம்ப்ரஸர் சுவிட்சைப் போட்டுவிட்டும் போனேன். மனைவி ஒரு கல்யாண ஜாக்கெட்டோடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

ஹார்டுவேர் கடையில், அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண், குழாயில் கிளை பிரிக்கும் ஒரு 'டீ'யும் வால்வும் எடுத்துவைத்துவிட்டு, "மோட்டாருக்கா சார்?" என்றாள்.

"இல்லம்மா, காத்துக்கு. கம்ப்ரஸர்."

அவள் கை நின்றது. "பி.வி.சி.யிலயா லைன் போட்டிருக்கீங்க?"

"ஏன், குழாய் மேலயே பத்து கிலோ பிரஷர் தாங்கும்னு போட்டிருக்கே. நான் எட்டுதான் ஏத்தறேன்." படித்தவன் என்பதைக் காட்டும் தொனியில்தான் சொன்னேன்.

"அது தண்ணிக்குப் போட்ட கணக்கு சார். தண்ணின்னா விரிசல் வுட்டு ஒழுகும், அவ்ளோதான். காத்து அப்டியில்ல. குழாய் சில்லு சில்லா தெறிக்கும், கண்ணாடி கணக்கா. எப்போ வெடிக்கும்னு சொல்ல முடியாது. இன்னிக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்கும். கீழ யாரும் நிக்க மாட்டாங்க இல்ல?"

போனை எடுத்து மனைவிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. தைக்கும்போது போன் சமையலறையில் இருக்கும். அது அவள் சட்டம். எதிர்வீட்டுக்காரருக்கு அடித்தேன். கிரிவலத்தில் இருப்பதாக மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

வண்டியைக் கடை வாசலில் விட்டுவிட்டேன். ரோட்டில் தடுப்பு போட்டு, எங்கு பார்த்தாலும் தலை. வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால் ஜனம் மொத்தமும் கோயிலைப் பார்த்து நடந்து வருகிறது. நான் ஒருவன் மட்டும் எதிரே, ஓட்டமும் நடையுமாக, கையில் பி.வி.சி. டீயோடு. "சார், கோயில் அப்டிக்கா இருக்கு!" என்று ஒருவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். இன்னொரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். எங்கோ பட்டாசு வெடித்தது. அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு மறுபடி ஓடினேன். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கும் வால்வு எட்டு கிலோவில் திறக்குமா, ஒன்பதிலா என்று யோசித்தேன், யோசிக்காமலிருக்க முயன்றேன், இரண்டும் நடக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஷெட்டில் அவள் குழாய்க்கு நேர் கீழே குனிந்திருந்தாள்.

"எழுந்து வெளிய வா."

"இருங்க, இந்தக் கொக்கி மட்டும்..."

"வான்னா வா!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. அதனாலேயே வந்தாள். உள்ளே போய் சுவிட்சை அணைத்து, டேங்கின் அடி வால்வைத் திறந்தேன். காற்று சீறிக்கொண்டு போயிற்று. கரண்ட் கோளாறு என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. என்னவோ, உண்மையைச் சொன்னேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு இது தெரிஞ்சு எவ்ளோ நேரமாச்சு?"

"முக்கால் மணி நேரம்."

"நான் இதுக்குக் கீழ உக்காந்து மூணு வாரமாச்சு."

அடுத்த வாரம் கடைக்கு இருவரும் போனோம். நான் பித்தளை எல்போ வளைவு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவியும் கடைக்காரப் பெண்ணும் விஷயத்தை முடித்துவிட்டார்கள். ஜி.ஐ. இரும்புக் குழாய், மரை போட்ட இரும்பு எல்போ, மரையில் சுற்ற டெஃப்லான் டேப். கிளைகளைக் குழாயின் மேல்பக்கம் எடுத்து வளைத்து இறக்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரம் பெயிண்டோடு வந்துவிடும். லைனின் கடைசியில் தண்ணீர் வடிய ஒரு வால்வு. "சார் மாட்ட வேணாம், பிளம்பர அனுப்பறேன்" என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்க்காமல். மனைவி உடனே தலையாட்டினாள்.

லைன் போட்டாயிற்று. நுரை தடவிப் பார்த்தாயிற்று. அன்றைக்கே ஹாலுக்குப் போன தையல் மெஷின் மட்டும் அங்கேயே இருக்கிறது.

"இரும்புதானே, இப்போ வரலாமே?" என்றேன்.

"மூணு வாரம் நீங்க உக்காருங்க. அப்புறம் பாக்கலாம்."

நியாயம்தான். இன்று நாலாவது நாள். எட்டு கிலோ ஏற்றிவிட்டு, அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கம்ப்ரஸர் தானாக ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் பேனா குதிக்கிறது. இது வெடிக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன தடவையும் நன்றாகத்தான் தெரிந்திருந்தது.