மீராசாஹிபு காக்காவும் தாய் இலக்கமும்

மீராசாஹிபு காக்காவுக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் அவருக்கு எதிர் மேசையில் பதினாறு வருடம் இருந்தவன் இந்தக் கனகரெத்தினம். அந்தக் கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

கல்முனைக்குத் தெற்கே இருக்கும் அவருடைய ஊரில் கலியாணம் என்று பேச்செடுத்தால் முதலில் விசாரிப்பது குடியைத்தான். குடி என்பது தாய்வழியாக வரும் குலம். பிள்ளைக்கு உம்மாவின் குடி; வாப்பாவின் குடி கணக்கில் வராது. எங்கள் தமிழ் ஆட்களிடமும் இந்த வழக்கம் இருப்பதால் எனக்கு அது புதினமில்லை. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. ஒரு குடியில் பிறந்தவர்கள் எல்லாரும் கூடப்பிறந்த மாதிரி. அந்த ஊரில் ஆறு குடிகள். பள்ளிவாசல் காரியங்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்து பேசுவார்.

எழுபத்தெட்டு நவம்பரில் அடித்த சூறாவளி பள்ளிவாசல் அலுவலறையின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. ஆறு குடிகளின் பதிவேடுகளும் கூழாகிவிட்டன. அவை கிளை கிளையாகக் கீறிய படங்கள். பிள்ளை பிறந்து கீற இடமில்லாவிட்டால் தாள் ஒட்டுவார்கள், அதற்குமேல் இன்னொரு தாள் ஒட்டுவார்கள். விரித்தால் ஒரு பாய் அளவுக்கு வரும். நனைந்த பிறகு யார் யாருக்குப் பிள்ளை என்று ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. எழுத்து வேலை தெரிந்த மனிதர் என்று சொல்லி ஊர் அந்தப் பொறுப்பை மீராசாஹிபு காக்காவின் தலையில் கட்டியது.

அவர் படம் கீறவில்லை. நாங்கள் வாய்க்கால்களைப் பதிகிற முறையையே எடுத்துக்கொண்டார். அலுவலக ஏட்டில் வாய்க்காலுக்கு ஒரு வரி. அதில் வாய்க்காலின் இலக்கம், பெயர், அது எந்த வாய்க்காலில் இருந்து பிரிகிறதோ அதன் இலக்கம், அவ்வளவுதான். அதைப்போலவே ஆளுக்கு ஒரு வரி எழுதினார். இலக்கம், பெயர், தாய் இலக்கம். வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியதில் நாலு தடித்த புத்தகங்கள் நிறைந்தன.

ஒருவருடைய குடி தெரிய வேண்டுமென்றால் அவருடைய வரியில் உள்ள தாய் இலக்கத்தைப் பிடித்து அந்த உம்மாவின் வரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து அவளுடைய உம்மாவின் வரிக்கு. இப்படி ஏறிக்கொண்டே போனால் தாய் இலக்கம் எழுதப்படாத ஒருத்தியிடம் போய் நிற்போம். அவள்தான் அந்தக் குடியின் முதல் உம்மா. ஏறுவது ஐந்து நிமிட வேலை. இறங்குவதுதான் பெரும்பாடு. ஒரு குடியின் ஆட்களை எல்லாம் எடுக்க, முதல் உம்மாவின் இலக்கம் எந்தெந்த வரியில் தாய் இலக்கமாக இருக்கிறதென்று நாலு புத்தகத்தையும் புரட்ட வேண்டும். அகப்பட்ட பெண்களின் இலக்கங்களை வைத்துக்கொண்டு மறுபடி நாலு புத்தகம். ஒரு சுற்றில் புதிதாக ஒருவரும் வராதபோதுதான் மூடிவைக்கலாம். ஒரு குடிக்கு மூன்று நாலு வாரம் போய்விடும்.

பேத்திக்கு மூத்தம்மாவின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். பேத்தி சுஹறாவின் வரியில் எழுத வேண்டிய தாய் இலக்கத்தைக் காக்கா ஒரு தடவை மூத்தம்மா சுஹறாவின் வரியில் எழுதிவிட்டார். மூத்தம்மா தன் மகளுக்கே மகளாகிவிட்டாள். காக்கா ஏறுகிறார், ஏறுகிறார், அதே இரண்டு பெண்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். இந்தக் குடிக்கு ஒரு முடிவே இல்லை போலிருக்கிறது என்று மூன்றாம் சுற்றில் என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தேன். அந்த மாதம் கண்ணாடி நன்றாகத் துடைபட்டது.

எண்பத்தாறில் எங்கள் நீர்ப்பாசனத் திணைக்களம் என்னைக் கொழும்புக்குக் கணினிப் பயிற்சிக்கு அனுப்பியது. தகவல்களை அட்டவணையாக வைப்பதைப் பற்றி ஒருவர் படிப்பித்தார். வரிக்கு ஓர் இலக்கம், அதன் தாய் வரியின் இலக்கம் பக்கத்துக் கட்டத்தில். எத்தனை தலைமுறை என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் ஒரே கேள்வியில் எல்லாரையும் எடுப்பது கஷ்டம், சுற்றுச் சுற்றாகத்தான் கேட்க வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் பென்சிலை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்கிறார் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், எண்பத்திரண்டில் நடந்த சங்கதி.

அந்த ஊரில் சுபைறா என்று ஒருத்தி, நெல் அவித்துக் குற்றி அரிசி விற்கிறவள். இளம் வயதிலேயே கணவன் மௌத்தாகிவிட்டான், பிள்ளையும் இல்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் சனங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், கேட்பார் இல்லாமல் கிடந்த கைக்குழந்தை ஒன்றைத் தூக்கி வந்து றம்ஸியா என்று பெயர் வைத்து வளர்த்தாள். இவளே களவாகப் பெற்றுவிட்டு வெள்ளத்தைச் சாட்டுகிறாள் என்று ஊரில் ஒரு கதை உலவியது. சுபைறா அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அந்தக் கெட்ட கதையிலாவது அவள் பெற்ற தாயாக இருந்தாள்.

புதிய பதிவு எழுதும்போது றம்ஸியாவின் வரியில் தன்னுடைய இலக்கத்தை எழுதச் சொல்லிக் காக்காவிடம் மன்றாடினாள். வளர்த்த பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று எழுத மார்க்கத்தில் இடமில்லை என்று அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று நானும் கேட்டுப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. அதற்குப் பிறகு சுபைறா அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

றம்ஸியாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் என்ன குடி என்ற கேள்வியிலேயே முறிந்தன. இருபத்தைந்து வயதில் மூன்றாவதாகக் கேட்டு வந்தவன் அபூசாலி, அடுத்த வீட்டுப் பொடியன், கூட்டுறவுக் கடையில் வேலை. விரும்பிக் கேட்டு வந்தவன். ஆனால் அவன் சுபைறாவின் குடியைச் சேர்ந்தவன். அந்தக் குடியின் மரைக்காயர் கச்சிமுகம்மது மறித்துவிட்டார். ஊர்க்கதை உண்மையானால் றம்ஸியாவும் தங்கள் குடி, அபூசாலிக்குத் தங்கச்சி முறை, இந்த நிக்காஹுக்குத் தான் சம்மதிக்க முடியாது என்றார். இதுவும் முறிந்தால் இனி அந்தப் பிள்ளையைக் கேட்டு ஒருவரும் வரப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கச்சிமுகம்மதுவின் வீட்டில் கூடினார்கள். நாலு புத்தகங்களையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனவன் நான்தான். ஆண்கள் முன்கூடத்தில் இருந்தோம். சுபைறாவும் றம்ஸியாவும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். காக்கா றம்ஸியாவின் வரியை எடுத்து மரைக்காயருக்குக் காட்டினார். ஏறுவதற்கு அதில் ஒரு படியும் இல்லை.

அப்படியென்றால் இவள் குடியில்லாதவள் என்றுதானே அர்த்தம் என்று மரைக்காயர் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பிழையான கலியாணத்தின் பாவம் தன் தலையில் வந்து விழுமோ என்று பயந்தார்.

காக்கா ஆறுதலாகவே சொன்னார். "மரைக்காரே, இந்த நாலு பொத்தகத்திலயும் உம்மாட இலக்கம் இல்லாத பொம்புளைகள் ஏழு பேர். ஆறு பேர் எங்கட ஆறு குடிக்கும் மொத உம்மாமார். அவங்களப் பெத்தது ஆரெண்டு நாங்க ஒருநாளும் கேட்டதில்ல. ஏழாவது இந்தப் புள்ள. இவளுக்குக் குடி இல்லெண்டு சொல்லாதீங்க. இவள்ல இரிந்து ஒரு குடி தொடங்குது."

கச்சிமுகம்மது அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். புத்தகம் சொல்வதைத் தான் ஏற்பதாகவும், ஆனால் ஊர்வாயை அது மூடாது என்றும் சொன்னார். பெற்றது தானில்லை என்று சுபைறா இந்தச் சபையில் தன் வாயால் சொல்லட்டும், பிறகு தனக்கு ஒரு தடையும் இல்லை என்றார்.

பாவம் அந்த மனிசி என்று நான் நினைத்தேன். இருபத்தைந்து வருடமாக அவள் மறுக்காமல் வைத்திருந்த ஒன்று.

"நான் பெறல்ல" என்று திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது. "வெள்ளத்தில எடுத்த புள்ள. ஆரு பெத்ததெண்டு எனக்குத் தெரியா. இவள் என்ட வயித்தில பொறக்கல்ல. அல்லா சாட்சி."

அரிசிக்கு விலை சொல்வது போலத்தான் சொன்னாள், குரல் தழுதழுக்கவில்லை.

மரைக்காயர் சம்மதித்தார். நிக்காஹுக்கு அங்கேயே நாள் குறித்தார்கள். தேத்தண்ணி வந்தது. அப்போது உள்ளே றம்ஸியாவின் குரல் கேட்டது.

"உம்மா, எழும்புங்க. வீட்ட போவம்."

திரும்பி வரும்போது காக்கா சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே நடந்தார். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டீர்கள், உங்கள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்று அவரை மெச்சினேன்.

"ஓம், கனகரெத்தினம். ஒரு பிழையும் இல்ல" என்றார். "அதுதான் எனக்குத் தாங்கேலாம இரிக்கி."