டெக்குக்குள் மாட்டிய கல்யாணக் கேசட்

செய்தி வந்தபோது மாலை நாலே கால் மணி. ஆலுவா ரயில் நிலையத்தில் விஜியின் புருஷன் நல்லசிவம் மயங்கி விழுந்து இறந்துவிட்டதை, கூடப் போயிருந்த வேலைத் தோழன் சேவியர் போனில் அழுதுகொண்டே சொன்னான். அவள் கண் மேசைக்குப் போனது. மூடி கழற்றிய பழைய வீடியோ டெக் ஒன்று அங்கே கிடந்தது.

மட்டாஞ்சேரியில் துப்புரவு வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவள் புருஷனுக்கு டெக்குகளோடுதான். யார் கொண்டுவந்தாலும் ஆசைக்காகவே சரிசெய்து கொடுப்பார். ஓட்டிப் பார்ப்பது மட்டும் தங்கள் கல்யாணக் கேசட்டைப் போட்டுத்தான்.

"ஊரார் டெக்கு கடிச்சுத் துப்ப நம்ம கல்யாணம்தான் கிடைச்சுதா?" என்பாள் விஜி.

"அடுத்தவங்க கேசட்டைக் கடிச்சா ஊருக்கே பதில் சொல்லணும். இதுன்னா உன்கிட்ட மட்டும் திட்டு வாங்கினாப் போதும்."

டேப்பில் தாலி கட்டும் இடம் எப்போதோ போய்விட்டது. பந்தியில் அவர் அவளைக் கேலி பேசுகிற இடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் மேசையில் கிடக்கிற இந்த டெக் விழுங்கிக்கொண்டது.

"இன்னைக்கு அதை வெளிய எடுக்காம உங்களுக்குச் சாயா கிடையாது" என்று காலையில் விரட்டியது விஜிதான். டெக்கை ஓட்டும் ரப்பர் பெல்ட் தேடி அவர் வெயிலில் ஆலுவாவுக்குக் கிளம்பியது அதனால்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் சட்டைப்பையில் இருந்த பெல்ட்டைச் சேவியர் கொண்டுவந்தான்.

"சேச்சி, நான் மாட்டிப் பாக்கட்டா?"

"வேண்டாம்டா. டேப் அறுந்துட்டா? அவர் குரல் அதுல மட்டும்தான் இருக்கு."

கேசட் உள்ளேயே இருக்கிறது. பெல்ட்டை இன்னும் மாட்டவில்லை.